4294967297 பகா எண்ணா இல்லையா? ரெண்டு டெஸ்ட் ரெண்டு விதமா சொல்லுது

மூணாம்படி:

வணக்கம் எல்லாருக்கும். பைதான்ல பகா எண் சோதிக்கிற ப்ரோக்ராம் ஒண்ணு எழுதிட்டிருக்கேன். சாம்பிளுக்கு 2^1+1, 2^2+1, 2^4+1, 2^8+1, 2^16+1னு வரிசையா குடுத்தேன், 3, 5, 17, 257, 65537 எல்லாமே ப்ரைம்னு வந்துச்சு. அடுத்தது 2^32+1, அதாவது 4294967297. நம்ம கணக்குல 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இங்கதான் இடிக்குது.

என்கிட்ட ரெண்டு முறை இருக்கு. ஒண்ணு வேகமான முறை, 2ஐ (எண் கழித்தல் 1) தடவை பெருக்கி அந்த எண்ணால வகுத்தா மீதி 1 வரணும், வந்தா ப்ரைம்னு சொல்லும். அது 4294967297க்கு மீதி 1னு காட்டி ப்ரைம்னு சொல்லுது. இன்னொண்ணு மெதுவான முறை, 2, 3, 5, 7னு ஒவ்வொண்ணா வகுத்துப் பாக்கும், அது 641ஆல மீதியில்லாம போகுதுன்னு சொல்லுது.

எது சரி, ஏன் இப்படி ஆகுது? அப்புறம் இன்னொண்ணு, கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல இத எப்படி கண்டுபிடிச்சாங்க? வர்க்கமூலம் 65536 கிட்ட வருது, அதுவரைக்கும் மட்டும் 6542 பகா எண் இருக்கு, அத்தனையும் கையால வகுத்திருப்பாங்களா? இந்த எண்ணப் பத்தி வேற எது தெரிஞ்சாலும் சொல்லுங்க, ரெண்டு நாளா இதேதான் மண்டைக்குள்ள ஓடுது.

வகுத்தி:

641 சொல்றதுதான் சரி. 641 × 6700417 = 4294967297. பெருக்கிப் பாக்காமலே கையால சரிபார்க்கலாம், மூணே வரி:

2^8 = 256.
2^16 = 256 × 256 = 65536. 641 × 102 = 65382, மீதி 154.
2^32க்கு 154 × 154 = 23716. 641 × 36 = 23076, மீதி 640.

640ங்கறது 641ஐ விட ஒண்ணு கம்மி, அதோட நம்ம +1ஐ சேத்தா 641, மீதி பூஜ்யம். அவ்வளவுதான், முடிஞ்சது.

பழையபலகை:

இந்த எண்ணுக்கு ஒரு பெரிய கதை இருக்கு நண்பா, கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

2^(2^ந)+1 வடிவத்துல வர்றதுக்கு ஃபெர்மா எண்கள்னு பேரு. ந = 0ல இருந்து 4 வரைக்கும் நீங்க போட்ட அந்த அஞ்சு, ந = 5க்கு நம்ம 4294967297. இங்க எஃப்5னு எழுதிக்கறேன். 1640ல ஃபெர்மாங்கற பிரெஞ்சு கணிதவியலாளர் கடிதத்துல இந்த வரிசைல வர்ற எல்லாமே பகா எண்தான்னு நம்புறதா எழுதுறாரு, நிரூபணம் கையில இல்லன்னும் சொல்லிடுறாரு. அப்புறம் கிட்டத்தட்ட 90 வருஷம் யாரும் அத தீர்த்து வைக்கல. 1729 டிசம்பர்ல கோல்ட்பாக்ங்கற கணிதவியலாளர் இன்னொரு கணிதவியலாளரான ஆய்லருக்கு எழுதுன கடிதத்தோட பின்குறிப்புல ஃபெர்மா சொன்ன இந்த விஷயம் தெரியுமான்னு கேக்குறாரு, அங்கதான் ஆய்லருக்கு எண் கோட்பாட்டு மேல ஆர்வமே புடிக்குது. 1732ல எஃப்5 641ஆல வகுபடும்னு எழுதிட்டாரு. எப்படி கண்டுபிடிச்சேன்னு அப்ப சொல்லல, பின்னாடி ஒரு கட்டுரைலதான் வழிய நிரூபிச்சு வச்சாரு.

அந்த வழிதான் உங்க ரெண்டாவது கேள்விக்கு பதில். 6542 பகா எண்ணையும் வகுக்க வேண்டியதே இல்ல. எஃப்5ஐ ஒரு பகா எண் 'ப' வகுக்குதுன்னு வச்சுக்கோங்க. அப்போ ப-ஆல வகுத்தா 2^32க்கு மீதி −1 (முழு மடங்குக்கு ஒண்ணு கம்மி, அதாவது மீதி ப−1). அத வர்க்கம் பண்ணா 2^64க்கு மீதி 1. இப்ப 2ஓட அடுக்குகள்ல முதல்முதலா மீதி 1 வர்ற அடுக்கு எது? அது 64ஐ வகுக்கற எண்ணா இருக்கணும், ஆனா 32லயோ அதுக்கும் கீழ 16, 8லயோ இருக்க முடியாது, ஏன்னா அப்படி இருந்தா 2^32க்கும் மீதி 1 வந்திருக்கணும், வந்ததோ −1. ஆக சரியா 64தான். இன்னொரு பக்கம் ஃபெர்மாவோட சின்ன தேற்றம் 2^(ப−1)க்கு மீதி 1னு சொல்லுது. அப்போ ப−1ங்கறது 64ஓட மடங்கா இருந்தே ஆகணும்.

அதாவது காரணி இருந்தா அது 64ன் மடங்கு கூட்டல் 1ங்கற வடிவத்துலதான் இருக்கும். 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இதுல பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டும். அஞ்சாவது வகுத்தல்லயே மாட்டிக்குது!

எனக்கு இதுல ஆறாத விஷயம் என்னன்னா, அந்த சின்ன தேற்றம் ஃபெர்மாவோடதே, அதுவும் அதே 1640ல அவர் எழுதுனது. சாவி அவர் கையிலயே இருந்திருக்கு.

எண்ணெழுத்து:

பழையபலகை அருமையா சொல்லிட்டாரு, அதுக்கு மேல ஒரு படி இருக்கு. 1878ல லூக்காங்கற பிரெஞ்சு கணிதவியலாளர் அத 64ல இருந்து 128 ஆக்கிட்டாரு. காரணம் ரொம்ப அழகு. 16776960னு ஒரு எண் எடுத்துக்கோங்க, அது 256 × 65535. அத வர்க்கம் பண்ணி எஃப்5ஆல வகுத்தா மீதி 2 வரும். எப்படின்னா 65535 = 2^16−1, அதோட வர்க்கம் 2^32 − 2^17 + 1, இதுல 2^32 + 1 பூஜ்யமாயிடும், மிச்சம் −2^17. 256ஓட வர்க்கம் 2^16, பெருக்குனா −2^33, அதாவது −2^32 × 2, 2^32க்குப் பதிலா −1 போட்டா +2. ஆக 2க்கே இங்க ஒரு வர்க்கமூலம் இருக்கு, 2 மீதி 1ஐ தொட 64 படி ஆகுதுன்னா அதோட வர்க்கமூலத்துக்கு 128 படி ஆகும், அதனால ப−1 128ன் மடங்கு.

128ன் மடங்கு கூட்டல் 1னா 129, 257, 385, 513, 641. இதுல பகா எண் 257ம் 641ம்தான். 257 எஃப்3, ஃபெர்மா எண்கள் ஒண்ணுக்கொண்ணு பொதுக்காரணி இல்லாதவை, அதனால அதத் தூக்கிப் போட்டுடலாம். மிஞ்சுனது 641 ஒண்ணே ஒண்ணு.

641க்கு ஒரு குட்டி நிரூபணமும் இருக்கு, வகுத்தலே வேண்டாம். 641 = 5 × 128 + 1. 641 = 625 + 16, அதாவது 5^4 + 2^4. முதலாவதுல இருந்து 5 × 2^7க்கு மீதி −1, நாலு தடவை பெருக்குனா 5^4 × 2^28க்கு மீதி 1. ரெண்டாவதுல இருந்து 5^4க்குப் பதிலா −2^4 போடலாம். போட்டா −2^32க்கு மீதி 1. அப்போ 2^32 + 1க்கு மீதி 0. நான் முதல் தடவ இத படிச்சப்ப பேப்பர எடுத்து திரும்ப எழுதிப் பாத்துட்டுதான் நம்புனேன்.

மூணாம்படி:

ரொம்ப நன்றி, அஞ்சாவது வகுத்தல்லயே கிடைக்கும்னு நான் நெனச்சே பாக்கல. ஒரு சந்தேகம். 641 சரி, மிச்சம் இருக்கற 6700417 பகா எண்ணுன்னு எப்படி உறுதியா சொல்றது? அதுக்கு வர்க்கமூலம் 2588 கிட்ட வருது, அதுவரைக்கும் வகுக்கணுமா?

எண்ணெழுத்து:

வேண்டாம், அதே விதி இங்கயும் வேலை செய்யும். 6700417ஐ வகுக்கற பகா எண் எஃப்5ஐயும் வகுக்கும், அப்போ அதுவும் 128ன் மடங்கு கூட்டல் 1 வடிவத்துலதான் இருக்கணும். 2588 வரைக்கும் அந்த வடிவத்துல இருக்கற பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409, அவ்வளவுதான். 257ஐ ஏற்கனவே தள்ளியாச்சு. மிச்சம் நாலு:

641ஆல வகுத்தா மீதி 44.
769ஆல வகுத்தா மீதி 120.
1153ஆல வகுத்தா மீதி 334.
1409ஆல வகுத்தா மீதி 622.

ஒண்ணுலயும் போகல, 6700417 பகா எண். நாலு வகுத்தல்ல எழுபது லட்சத்துக்குக் கிட்ட இருக்கற எண்ணுக்கு தீர்ப்பு சொல்லியாச்சு. கையால போட்டுப் பாருங்க, அந்த சுகமே தனி.

காரணி தெரிஞ்சதும் மத்ததெல்லாம் தானா வந்துடும். வகுத்திகள் மொத்தம் நாலு, 1, 641, 6700417, அப்புறம் எண்ணே. நாலையும் கூட்டுனா 4301668356. எஃப்5ஐ விட சின்ன, அதோட பொதுக்காரணி இல்லாத எண்கள் எத்தனைன்னா 640 × 6700416 = 4288266240.

நிரலாள்:

முதல் கேள்வில 'ஏன் இப்படி ஆகுது'ங்கறத யாரும் தொடல, நான் சொல்றேன். உங்க வேகமான டெஸ்ட் 2ஐ அடிமானமா வச்சிருக்கு, இந்த குடும்பத்துல எந்த எண்ணக் குடுத்தாலும் அது ப்ரைம்னுதான் சொல்லும். எஃப்5ஆல வகுத்தா 2^32க்கு மீதி −1, 2^64க்கு மீதி 1. எஃப்5 − 1 = 2^32, அது 64ஓட மடங்கு. அப்போ 2^(எஃப்5−1)க்கு மீதி 1 வராம எங்க போகும்? எண்ணு பகா எண்ணா இல்லையாங்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, வடிவத்தாலயே வருது. மில்லர் ராபின்னு இன்னும் கடுமையான ஒரு பகா எண் டெஸ்ட் இருக்கு, அதப் போட்டாலும் அடிமானம் 2னா இதே கதைதான், 2, 4, 16, 256, 65536, அடுத்தது −1, பாஸ்.

அடிமானத்த 3ஆ மாத்துங்க. 3^(2^31)ஐ எஃப்5ஆல வகுத்தா மீதி 10324303. பகா எண்ணா இருந்தா இங்க −1, அதாவது 4294967296 வந்திருக்கணும். அத இன்னொரு தடவ வர்க்கம் பண்ணா 3029026160, பகா எண்ணா இருந்தா 1 வந்திருக்கணும். பளிச்னு மாட்டிக்குது. 1877ல பெப்பின் குடுத்த டெஸ்ட் இதுதான், ஃபெர்மா எண்களுக்கு 3ஐ மட்டும் வச்சே பகா எண்ணா இல்லையான்னு முழு உறுதியோட சொல்லிடலாம், எஃப்0 தவிர எல்லாத்துக்கும் செல்லும். கவனிங்க, 641ங்கற பேரே வரல. காரணி என்னன்னு தெரியாமலே பகா எண் இல்லன்னு சொல்ல முடியுது.

கோடு எழுதறவங்களுக்கு ஒண்ணு. பைதான்ல எண்ணு எவ்வளவு பெருசானாலும் பிரச்சனை இல்ல, ஆனா இதே ப்ரோக்ராம சி மாதிரி மொழில எழுதுனா உஷார். 32 பிட் அன்சைன்ட்ல (கழித்தல் குறி இல்லாத முழு எண்) வைக்கக்கூடிய பெரிய எண் 4294967295. அதுல எஃப்5ஐ போட்டா சுத்தி வந்து 1ஆ நிக்கும். சரி 64 பிட் எடுத்துக்கலாம்னா, நடுவுல மீதி 4294967296 வருதே, அத வர்க்கம் பண்ணா சரியா 2^64, 64 பிட்டுக்குள்ள அடங்காம மயிரிழைல வழிஞ்சு 0 ஆயிடும். அப்போ உங்க டெஸ்ட் மீதி 1க்குப் பதிலா 0ன்னு காட்டி பகா எண் இல்லன்னு சொல்லும், பதில் சரி, காரணம் தப்பு, இந்த மாதிரி பக் மாட்டுனா கண்டுபிடிக்கவே நாள் கணக்காகும். 128 பிட்டுக்கு மாத்திட்டு பெருக்குங்க.

பழையபலகை:

நிரலாள் 4294967295 சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. எஃப்5க்கு ரெண்டு கம்மி. அதக் காரணிப்படுத்துங்க: 3 × 5 × 17 × 257 × 65537. எஃப்5க்கு முன்னாடி வந்த அஞ்சு ஃபெர்மா எண்ணும் ஒண்ணு விடாம! 3 × 5 = 15, 15 × 17 = 255, 255 × 257 = 65535, 65535 × 65537 = 4294967295. ஒவ்வொரு படியிலயும் அடுத்த ஃபெர்மா எண்ணுக்கு ரெண்டு கம்மியா வந்து நிக்கும். எண்ணெழுத்து சொன்ன பொதுக்காரணி இல்லங்கறதுக்கு நிரூபணம் இதுலயே இருக்கு, ரெண்டு ஃபெர்மா எண்ண ஒரே பகா எண் வகுத்தா அது 2ஐயும் வகுக்கணும், ஆனா எல்லாமே ஒற்றைப்படை. 1730ல கோல்ட்பாக் ஆய்லருக்கு இத எழுதியிருக்காரு.

வடிவியல் பக்கம் போனா இன்னும் நல்லா இருக்கும். 1796ல காஸ் 18 வயசுல 17 பக்க ஒழுங்குப் பலகோணத்த அளவுகோலும் காம்பஸும் மட்டும் வச்சு வரையலாம்னு காட்டுனாரு. ஒற்றைப்படை பக்கம்னா, வேற வேற ஃபெர்மா பகா எண்களப் பெருக்கி வர்ற எண்ணிக்கைக்கு மட்டும்தான் வரைய முடியும், மத்ததுக்கு முடியாதுங்கறத 1837ல வான்செல் முடிச்சு வச்சாரு. அஞ்சு ஃபெர்மா பகா எண் தெரியும், சேர்க்கைகள் 31. அதுல பெருசு 4294967295 பக்கம். அத வரைய முடியும்னு கணக்கு சொல்லுது. ரெண்டு பக்கம் கூட்டி 4294967297 ஆக்குனா முடியவே முடியாது, காரணம் அந்த 641தான், அது ஃபெர்மா எண் இல்ல.

வகுத்தி:

வர்க்கங்கள விட்டுட்டீங்களே எல்லாரும். எஃப்5 = 65536² + 1², இது பாத்தாலே தெரியும். ஆனா இன்னொரு விதமாவும் எழுதலாம்: 62264² + 20449². 3876805696 + 418161601, கூட்டிப் பாருங்க. ஒரு ஒற்றைப்படை எண்ண ரெண்டு வர்க்கத்தோட கூட்டலா ரெண்டு வேற வேற விதத்துல எழுத முடிஞ்சா அது பகா எண்ணா இருக்கவே முடியாது, காரணியும் அதுலயே ஒளிஞ்சிருக்கும். இதுவும் ஆய்லர் முறைதான்.

எடுத்துக் காட்டுறேன். 65536 − 62264 = 3272, 20449 − 1 = 20448. ரெண்டுக்கும் பொதுவான பெரிய காரணி 8. வகுத்தா 409, 2556. அடுத்து 20449 + 1 = 20450, அது 409 × 50. 65536 + 62264 = 127800, அது 2556 × 50. இப்ப 8லயும் 50லயும் பாதி எடுங்க, 4ம் 25ம்.

4² + 25² = 641.
409² + 2556² = 6700417.

ரெண்டு காரணியும் ஒரே நேரத்துல வந்து விழுது. எண்ணெழுத்து போட்ட 625 + 16 இங்க திரும்ப வந்துருக்கு பாருங்க.

மூணாம்படி:

409, 2556 வர்க்கம் ரெண்டையும் இப்பத்தான் போட்டேன், 167281ம் 6533136ம், கூட்டுனா சரியா 6700417. என்ன ஒரு எண்ணு இது! அப்போ எஃப்5க்கு மேல போனா வேற பகா எண் எங்கயாவது இருக்கா?

பழையபலகை:

இதுவரைக்கும் ஒண்ணும் கிடைக்கல. எஃப்5ல இருந்து எஃப்32 வரைக்கும் எல்லாமே பகு எண்ணுன்னு தெரிஞ்சாச்சு. எஃப்33 இன்னும் திறந்தே கெடக்கு, அதுல மட்டும் சுமார் 258 கோடி இலக்கம் வரும், பெப்பின் டெஸ்ட் ஓட்டி முடிக்கறது லேசுல நடக்காது. காரணி தெரியாமலே பகா எண் இல்லன்னு சொல்லலாம்னு நிரலாள் சொன்னாரே, அது மாதிரி எஃப்20, எஃப்24 ரெண்டுக்கும் பகு எண்ணுன்னு நிரூபணம் இருக்கு, ஆனா ஒரு காரணி கூட இன்னும் யார் கைக்கும் சிக்கல. முழுசா காரணிப்படுத்துனது எஃப்11 வரைக்கும்தான். எஃப்7க்கு 39 இலக்கம், அதோட சின்ன காரணியே 17 இலக்கம், 1970ல மாரிசனும் ப்ரில்ஹார்ட்டும் கம்ப்யூட்டர வச்சு உடைச்சாங்க.

என் கணிப்பு, இன்னொரு ஃபெர்மா பகா எண் கிடைக்காது. எண்ணு பெருசாக ஆக பகா எண்ணா இருக்க வாய்ப்பு குறையும், இங்க ஒவ்வொரு படியிலயும் இலக்கம் ரெண்டு மடங்காகுது, அதனால வாய்ப்பும் ஒவ்வொரு தடவையும் பாதிப் பாதியா தேயுது. எல்லாத்தையும் கூட்டுனா கூட ரொம்பக் கொஞ்சம்தான். நிரூபணம் இல்ல, ஆனா பெரும்பாலானவங்க அப்படித்தான் நினைக்கிறாங்க.

எண்ணெழுத்து:

மூணாம்படி, அடுத்து எஃப்6ஐ உங்க ப்ரோக்ராம்லயே போட்டுப் பாருங்க. 18446744073709551617, இருபது இலக்கம். 2, 3, 5, 7னு எல்லாத்தையும் வகுக்காதீங்க, இதுக்கு 256ன் மடங்கு கூட்டல் 1தான் விதி, லூப்ப அப்படி மாத்துங்க. 1071ஆவது சுத்துல 274177 வந்து நிக்கும், இன்னொரு காரணி 67280421310721. இந்த காரணிய 1880ல லாண்ட்ரின்னு ஒருத்தர் கையால கணக்குப் போட்டே வெளியிட்டாரு.